பிரித்தானியாவில் சூரிய மின்சார, வெப்ப ஊக்கத்தொகைத் திட்டங்கள்

பிரித்தானியாவில் வீட்டுக்கூரையை வருமானம் தரும் சொத்தாக மாற்றியது, 2010 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய ‘ஃபீட்-இன் டாரிஃப்’ திட்டம் ஆகும். 2008ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம் இதற்கு அடிப்படையாக அமைந்தது.

உரிமையாளர் பெற்ற பயன்

ஏற்கெனவே கட்டப்பட்ட வீட்டில் 4 கிலோவாட் வரை சூரியத் தகடுகள் பொருத்தியவருக்கு, உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 41.3 பென்ஸ் வழங்கப்பட்டது. அந்த மின்சாரத்தை அவரே பயன்படுத்தினாலும் இத்தொகை உண்டு. பொது மின்கம்பிக்கு அனுப்பிய யூனிட்டுக்கு மேலும் 3 பென்ஸ் கிடைத்தது. மின்கட்டணமும் குறைந்தது. ஆண்டுக்கு 3,000 யூனிட் உற்பத்தியானால் உற்பத்தித் தொகை மட்டும் 1,239 பவுண்டு. விலைவாசியுடன் உயரும் இத்தொகை 25 ஆண்டுகளுக்கு உறுதி செய்யப்பட்டது.

வீதக் குறைப்பும் வழக்கும்

தகடுகளின் விலை வேகமாகச் சரிந்ததால் பலர் திட்டத்தில் சேர்ந்தனர், செலவு பெருகியது. 2011 டிசம்பர் 12 முதல் பொருத்துவோருக்கு வீதத்தை 21 பென்ஸாகக் குறைக்கப்போவதாக அரசு அக்டோபர் இறுதியில் அறிவித்தது. கருத்துக் கேட்பு முடியும் முன்பே வரும் தேதி இது. ‘பூமியின் நண்பர்கள்’ அமைப்பும் சூரிய மின் நிறுவனங்களும் தொடுத்த வழக்கில், இது சட்டவிரோதம் என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012 மார்ச் 3 முதல் பொருத்தியவர்களுக்கே குறைப்பு பொருந்தியது. 2019 மார்ச் 31க்குப் பின் புதியவர்கள் சேர்க்கப்படவில்லை. பழைய ஒப்பந்தங்கள் தொடர்கின்றன.

வெப்பத்திற்கான ஊக்கத்தொகை

வெப்பப் பம்பு, மரத்தூள் வில்லைக் கொதிகலன், சூரிய வெந்நீர்க் கருவி ஆகியவற்றைப் பொருத்திய வீடுகளுக்கான திட்டம் 2014 ஏப்ரலில் தொடங்கியது. மூன்று மாதத்திற்கு ஒரு முறையாக 7 ஆண்டுகள் பணம் தரப்பட்டது. 2022 மார்ச் 31 அன்று இது மூடப்பட்டது.

வட அயர்லாந்தின் பாடம்

வட அயர்லாந்து 2012இல் வணிக நிறுவனங்களுக்கும் பண்ணைகளுக்கும் தனி வெப்பத் திட்டம் தொடங்கியது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வீதம் குறையும் என்ற பிரித்தானிய விதி அதில் விடுபட்டது. எரிபொருள் விலையைவிட ஊக்கத்தொகை அதிகமாக இருந்ததால், எரிக்க எரிக்க லாபம் என்ற நிலை உருவானது. இச்சர்ச்சையால் 2017 ஜனவரியில் துணை முதலமைச்சர் மார்ட்டின் மெக்கின்னஸ் பதவி விலக, ஆட்சி கவிழ்ந்தது. 2020 ஜனவரியில்தான் புதிய ஆட்சி அமைந்தது.

செலவைச் சுமந்தவர்கள்

வெப்பத் திட்டங்களுக்கு வரிப்பணம் செலவானது. சூரிய மின்சாரத் தொகையோ அனைவரின் மின்கட்டணத்திலும் சேர்க்கப்பட்டது. கூரை சொந்தமில்லாத வாடகைக் குடியிருப்பாளரும் அதில் பங்கு செலுத்தினார். வருமானம் கூரை உள்ளவருக்குச் சென்றது. உரிமையாளருக்கு நன்மை உண்மையே; அதற்கான விலையை யார் தருகிறார் என்பதும் இவ்வரலாற்றின் பகுதியாகும்.