தோரெஸ்: ஒரு ஸ்பானியக் குடும்பப் பெயரின் கதை

1906ஆம் ஆண்டில் மொராக்கோவின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பதற்காக ஐரோப்பிய வல்லரசுகள் தென் ஸ்பெயினின் அல்ஹெசிராஸ் நகரில் கூடின. மொராக்கோ சுல்தானின் சார்பில் அங்கு வந்த தூதுக்குழுவின் தலைவர் எண்பது வயதைக் கடந்த முஸ்லிம் பெரியவர். அவர் பெயர் ஹாஜி முஹம்மது தோரெஸ். 'தோரெஸ்' என்பது ஸ்பானியக் குடும்பப் பெயர். அவர் வந்து சேர்ந்த ஊரின் பெயரோ, பசுந்தீவு என்று பொருள்படும் 'அல்ஜஸீரத்துல் கள்ரா' என்னும் அரபுச் சொல்லின் திரிபு. மனிதருக்கு ஸ்பானியப் பெயரும் ஊருக்கு அரபுப் பெயரும் எவ்வாறு வாய்த்தன?

'தோரெஸ்' என்றால் கோபுரங்கள். இலத்தீன் மொழியின் 'துர்ரிஸ்' என்ற சொல்லே அதன் வேர். காவற்கோபுரங்களால் பெயர்பெற்ற ஊர்கள் ஸ்பெயினில் பல உண்டு. அவ்வூர்க்காரர்கள் ஊர்ப் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்டனர். இன்றும் ஸ்பெயினில் மிகப் பரவலான பெயர்களுள் இது ஒன்று. ஆனால் இதைச் சுமந்தவர் அனைவரும் பிறப்பால் கிறிஸ்தவர் அல்லர். 1492இல் கொலம்பஸின் மொழிபெயர்ப்பாளராகக் கப்பலேறிய லூயிஸ் தெ தோரெஸ், அண்மையில் ஞானஸ்நானம் பெற்றிருந்த யூதர். அரபும் ஓரளவு அறிந்தவர்.

அதே 1492ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் கிரனாடா வீழ்ந்தது. முஸ்லிம்களின் மார்க்கம் காக்கப்படும் என்று உடன்படிக்கை எழுதப்பட்டது. அந்த வாக்கு பத்தாண்டுகள்கூட நிலைக்கவில்லை. 1502இல் காஸ்தீல் அரசு, மதம் மாறு அல்லது வெளியேறு என்று ஆணையிட்டது. ஞானஸ்நானத்தின்போது கிறிஸ்தவப் பெயர் சூட்டப்பட்டது. பலருக்கு ஞானத்தந்தையின் குடும்பப் பெயரே வந்து ஒட்டிக்கொண்டது. இவ்வாறு மாற்றப்பட்டோரை 'மொரிஸ்கோ' என்றனர். (முஸ்லிம்களைக் குறித்த 'மோரோ' என்ற அதே ஐபீரியச் சொல்லைத்தான் போர்த்துகேயர் இலங்கைக்கும் கொண்டுவந்தனர். அங்குள்ள சோனகர் இன்றும் ஆங்கிலத்தில் 'மூர்' என்றே பதியப்படுகின்றனர்.)

வீட்டுக்குள் மட்டும் பழைய பெயர்கள் உயிரோடிருந்தன. 1567இல் அதுவும் தடுக்கப்பட்டது. இரண்டாம் பிலிப்பின் ஆணை அரபு மொழியையும் உடையையும் பெயர்களையும் ஒருசேர விலக்கியது. அப்போது பிரான்சிஸ்கோ நூஞெஸ் முலேய் என்ற வயது முதிர்ந்த மொரிஸ்கோ பிரமுகர், கிரனாடா உயர்மன்றத் தலைவரிடம் ஒரு முறையீடு அளித்தார். மக்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வது பழைய குடும்பப் பெயர்களால்தான். அவை போனால் ஆட்களும் வம்சங்களும் தடமின்றிப் போய்விடும் என்று அவர் வாதிட்டார். இன்னாரின் மகன் இன்னார் என்று பாட்டன், பூட்டன் வரை சொல்லி வளர்ந்த சமூகத்தின் வாதம் அது. தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுமக்கும் நமக்கு அதன் வலி எளிதில் விளங்கும். அரசு செவிசாய்க்கவில்லை. 1568இல் அல்புஹாரா மலைகளில் கிளர்ச்சி வெடித்தது. 1571க்குள் அது நசுக்கப்பட்டது. 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று இலட்சம் மொரிஸ்கோக்கள் கப்பலேற்றி வெளியேற்றப்பட்டனர்.

முலேய் அஞ்சியது பெருமளவு நடந்தேறியது. மொராக்கோவின் தெத்துவான், ரபாத் நகரங்களில் வேரூன்றிய அந்தலூசியர் பலரிடம் எஞ்சியிருந்தவை ஸ்பானியப் பெயர்களே: மொலினா, ராகோன், தோரெஸ். 'வர்காஸ்' என்பது அரபு நாவில் 'பர்காஷ்' ஆயிற்று. தொழவும் ஓதவும் தடையில்லாத மண்ணில் அவர்கள் அப்பெயர்களை உதறியிருக்கலாம், உதறவில்லை. அதை அடிமைத்தனத்தின் எச்சம் என்று சிலர் கருதலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. இழந்த ஊருக்குப் பத்திரமாக அவர்களிடம் மிஞ்சியது அந்தப் பெயர்தான். அரபு எழுத்தில் 'தோரெஸ்' முன்னால் 'அல்' சேர்த்தே எழுதப்படுகிறது. கோபுரமும் அரபாகிவிட்டது!

அல்ஹெசிராஸில் முஹம்மது தோரெஸ் தரப்பினர் இறுதி ஆவணத்தில் அவ்விடத்தில் கையொப்பமிடவில்லை. சுல்தானின் ஒப்புதல் பின்னர் ஜூன் மாதத்தில் வந்தது. 1912இல் வட மொராக்கோ ஸ்பெயினின் ஆட்சிக்குள் சென்றது. அதன் தலைநகர் தெத்துவான். அந்நகரில் 1910இல் அதே குடும்பத்தில் பிறந்த அப்துல் காலிக் தோரெஸ், 1936இல் தேசியச் சீர்திருத்தக் கட்சியை நிறுவி ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக அரசியல் நடத்தினார். 1956இல் நாடு விடுதலை பெற்றபின், சுதந்திர மொராக்கோவின் தூதராக மத்ரிதுக்குச் சென்றவர் அவரே.