பழைய ஃபிளாட்டை இடித்துக் கட்டலாமா? கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டிய யுடிஎஸ் கணக்கு

மாம்பலம், அடையாறு, அண்ணா நகர் என்று சென்னையின் பழைய தெருக்களில் 1980, 90-களில் எழுந்த எட்டு வீடு, பத்து வீடு அபார்ட்மெண்ட்டுகள் ஏராளம். லிஃப்ட் கிடையாது, மழை வந்தால் மாடி வீட்டில் ஒழுகும். அங்கெல்லாம் இப்போது பில்டர்கள் ஒரே வசனத்தோடு வருகிறார்கள்: "உங்க கையிலேருந்து ஒரு பைசா வேண்டாம் சார், புது வீடு நாங்க கட்டித் தர்றோம்."

பைசா வேண்டாம் என்றால், பில்டருக்கு லாபம் எங்கிருந்து வருகிறது?

நிலத்திலிருந்துதான். ஒரு உதாரணம் பார்ப்போம். இடம் இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி. அதில் 800 சதுர அடியில் எட்டு வீடுகள், மொத்தம் 6,400. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில், சாதாரண உயரக் கட்டடத்துக்கான எஃப்எஸ்ஐ 1.5-லிருந்து 2 ஆக உயர்ந்தது. மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம் என்பது அதன் பொருள். ஆக, 9,600 சதுர அடி. பழைய எட்டுப் பேருக்கும் அதே அளவில் வீடு கொடுத்தாலும் 3,200 மிஞ்சும். அந்த நான்கு வீடுகளை விற்றுத்தான் பில்டர் செலவையும் லாபத்தையும் எடுக்கிறார். (ஓரத்தில் விட வேண்டிய இடம், ரோட்டின் அகலம் எல்லாம் பார்த்தால் சில மனைகளில் முழு 9,600 கிடைக்காது.)

இங்கேதான் யுடிஎஸ் வருகிறது. பிரிக்கப்படாத நிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பங்கு அது. எட்டு வீடாக இருந்தபோது தலைக்கு 600 சதுர அடி. பன்னிரண்டு வீடானதும் 400. வீடு புதுசு, நிலம் மூன்றில் ஒரு பங்கு போச்சு! கட்டடத்துக்கு வயதாக ஆக மதிப்பு குறையும், ஏறுவது நிலத்தின் விலைதான். கைவிடும் 200 சதுர அடியின் இன்றைய மார்க்கெட் விலை என்ன, அதற்கு ஈடாகக் கிடைப்பது என்ன என்று கணக்குப் போட்டால்தான் "இலவசம்" எவ்வளவு என்று தெரியும்.

ஒருவர் மறுத்தால்?

முன்பு ஒரே ஒரு உரிமையாளர் மறுத்தாலும் திட்டம் நின்றுவிடும். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். எட்டு வீட்டில் ஆறு பேர். ஒருவருக்காக மற்றவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்த நிலைக்கு இது தீர்வு. ஆனால் "நான் கையெழுத்து போட மாட்டேன்" என்று சொல்லி மட்டும் ஒருவர் தன் பங்கைக் காப்பாற்ற முடியாது. பேரம் பேசும் கட்டத்திலேயே எல்லோரும் உட்கார வேண்டும்.

ரெரா காப்பாற்றுமா?

சின்ன திட்டங்களில் இதுதான் பெரிய ஓட்டை. நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டாலோ, வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டாலோ பதிவு கட்டாயமில்லை என்கிறது ரெரா சட்டத்தின் 3-வது பிரிவு. இரண்டு கிரவுண்டு என்பது சுமார் 446 சதுர மீட்டர்தான். புதிதாக வீடு வாங்குவோர் தரும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்ற விதியெல்லாம் பதிவு செய்த திட்டங்களுக்குத்தான். பாதி வேலையில் பில்டரிடம் பணம் தீர்ந்தால், கையில் இருப்பது ஒப்பந்தப் பத்திரம் மட்டுமே.

அதனால் பத்திரத்தில் எழுத வேண்டியவை கறாராக இருக்க வேண்டும். 800 சதுர அடி என்பது சுவருக்குள் இருக்கும் கார்ப்பெட் ஏரியாவா, படிக்கட்டையும் சேர்த்ததா? பிளான் அப்ரூவல் கைக்கு வரும் முன் வீட்டைக் காலி செய்யக் கூடாது. வெளி வாடகை 'இத்தனை மாதம்' என்று இல்லாமல், 'சாவி கொடுக்கும் வரை' என்று இருக்க வேண்டும். பவர் பத்திரம் பில்டரின் பங்குக்கு மட்டும் போதும், மொத்த நிலத்துக்கும் வேண்டாம்.

எட்டில் ஒரு வீட்டுக்கு ஹவுசிங் லோன் பாக்கி இருந்தால் அசல் பத்திரம் வங்கியில் இருக்கும். அந்த வங்கியின் தடையில்லாச் சான்றை வாங்காமல் இடிக்கும் வேலையைத் தொடங்க முடியாது. பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் இது யாருக்காவது ஞாபகம் வருகிறது.