கண்ணாடிக் குமிழும் காதுக் கருவியும்

சென்னையில் முதன்முதலில் வானொலி நடத்தியது சர்க்கார் அல்ல, சில ஆர்வக்காரர்கள். ஸி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று 1924 மே 16-ல் சென்னை மாகாண ரேடியோ கிளப்பை ஆரம்பித்தார். ஜூலை 31-ல் ஒலிபரப்புத் தொடங்கியது. சக்தி 40 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று தின்கிற மின்சாரம், அவ்வளவுதான்!

அந்தக் காலத்து ஏழை ரசிகனுக்குக் கிரிஸ்டல் செட் இருந்தது. ஒரு கலீனாக் கல், அதைத் தொடும் மெல்லிய கம்பி, காதில் ஹெட்போன். மின்சாரமே வேண்டாம். ஆனால் பட்டணத்தைத் தாண்டினால் அது ஊமை. ராஜபாளையத்துப் பக்கம் இருக்கும் சோழபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கே கிரிஸ்டல் செட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வால்வு வேண்டும். வால்வுக்கு இழை சூடாக ஒரு பாட்டரி, தகட்டுக்கு இன்னொரு பெரிய பாட்டரி. மலிவான சாமான் பட்டணத்தானுக்கு, விலை உயர்ந்தது கிராமத்தானுக்கு! இந்த அநியாயம் வெகுநாள் நீடித்தது. கிளப்பும் பணமில்லாமல் 1927-ல் மூடிவிட்டது. அதன் கருவியைக் கொண்டு சென்னை நகரசபை 1930-ல் ஒலிபரப்பியது. 1938-ல் சென்னை நிலையம், 1939-ல் திருச்சி நிலையம். தெற்கே திருநெல்வேலிக்கு 1963-ல்தான் முறை வந்தது.

வால்வுக்கும் ஹெட்போனுக்கும் அன்று பொருத்தம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பழைய ஹெட்போனின் மின்தடை சாதாரணமாக 2000 முதல் 4000 ஓம் (மந்திரம் அல்ல, அளவு). வால்வின் தகட்டிலேயே நேராகச் சேர்த்துவிடலாம். இன்றைய ஹெட்போன் பெரும்பாலும் 32 ஓம். வால்வு அதற்கு ஒத்துப்போகாது. நடுவே டிரான்ஸ்பார்மர் என்ற தரகர் வேண்டும். நல்ல டிரான்ஸ்பார்மருக்குச் செம்பும் இரும்பும் உழைப்பும் செலவாகும். வால்வு ஆம்பிளிபயரின் விலை ஏறுவது பெரும்பாலும் அங்கேதான்.

ஆகவே, குறைந்த விலையில் வாங்க விரும்புகிறவர்கள் முதலில் தங்கள் ஹெட்போனின் ஓம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 300 ஓம் என்றால் டிரான்ஸ்பார்மர் இல்லாத வால்வுக் கருவியே போதும். 32 ஓம் என்றால் முன்னால் வால்வும் பின்னால் டிரான்ஸிஸ்டரும் உள்ள கலப்புக் கருவிதான் கட்டுப்படியாகும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் சில மலிவுக் கருவிகளில் வால்வுக்கு அடியில் ஒரு சிவப்பு விளக்கை வைத்து, குமிழ் தகதகக்கிறது என்று காட்டுகிறார்கள். அதற்குப் பணம் கொடுப்பானேன்? உண்மையான இழை மங்கலாகத்தான் எரியும்.

வால்வு கெட்டால் மாற்று கிடைக்குமா என்பதையும் விசாரிக்க வேண்டும். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-ல் ரேடியோ வால்வு செய்யத் தொடங்கியது. டிரான்ஸிஸ்டர் வந்து அந்தத் தொழிலை விழுங்கிவிட்டது. பழைய ரேடியோ ரிப்பேர்க் கடைகளில் அந்தக் குமிழ்கள் அட்டைப் பெட்டியோடு அகப்பட்டால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால், 12ஏயூ7 போல இன்னும் புதிதாகச் செய்யப்படும் வால்வு பொருந்தும் கருவியாகப் பார்த்து வாங்குவது நல்லது.