முதுகுவலியும் ஆயுட்கணிப்பும்: எலும்புக்குப் பரவிய மார்பகப் புற்றுநோய் குறித்து

மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்று தெரிந்ததும் வீட்டார் கேட்பது, "இன்னும் எவ்வளவு நாள், டாக்டர்?" என்பதுதான். பரவிய இடத்தை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்லக் கூடாது என்பது என் வாதம். கட்டியின் இயல்பும், வலி எந்தக் கட்டத்தில் மருத்துவர் கண்ணில் பட்டது என்பதும் விடையை மாற்றிவிடுகின்றன. திண்டுக்கல் மாவட்டத்துச் சின்னாளப்பட்டி போன்ற நெசவு ஊரில் இரண்டாவதற்கே கனம் அதிகம்.

மார்பகப் புற்று எலும்பை நாடுவதை அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட் 1889-லேயே, 735 பிரேதப் பரிசோதனைகளை வைத்து எழுதினார். 1987-இல் கோல்மனும் ரூபன்ஸும் வெளியிட்ட ஆய்வில், நோய் எலும்போடு நின்றவர்களில் பாதிப் பேர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளைத் தாண்டினர். நோய் முதலில் கல்லீரலில் திரும்பியவர்களுக்கோ அது மூன்று மாதம். 'இரண்டு வருஷம்' என்ற பேச்சு அந்தக் காலத்துக் கணக்கு. 2022-இல் வெளிவந்த மோனலீசா-2 என்ற மருந்தாய்வின் முடிவுகளைப் பாருங்கள். ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 இல்லாத பரவிய நோய்க்கு லெட்ரோசோல் மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 51.4 மாதங்களைக் கடந்தனர். ரிபோசிக்லிப் சேர்த்துக்கொண்டவர்களில் அது 63.9 மாதம். இவர்களில் பலருக்கு எலும்பில் மட்டுமன்றி வேறு உறுப்புகளிலும் நோய் இருந்தது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்-2 ஆகிய மூன்று ஏற்பிகளும் இல்லாத கட்டியில் நிலைமை இதைவிட மிகக் கடினம் என்பதையும் மறைக்கலாகாது. ஆகவே ஏற்பி அறிக்கையைப் பார்க்காமல் நாள் குறிப்பது தவறு.

இனி வலி. குழித்தறியில் கால் மிதித்து ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தவருக்கு இடுப்புவலி ஒரு நோயாகவே தோன்றுவதில்லை. தைலம், வெந்நீர் ஒத்தடம், மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரை என்று மாதங்கள் ஓடிவிடும். தறிவலி பெரும்பாலும் படுத்தால் தணியும். முதுகெலும்பில் புற்று தந்த வலி பெரும்பாலும் ஓய்வில் அடங்காது, இரவில் கூடும். கால் மரத்து, சிறுநீர் தடைப்பட்டால் தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கலாம். அது அன்றே பார்க்க வேண்டிய அவசரம். நடந்து வரும் நிலையில் சிகிச்சை தொடங்கியவர் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார். கால் விழுந்தபின் வருபவர் எழுந்து நடப்பது அரிது. ஒரே நோய், ஒரே ஸ்கேன். ஆனால் மிஞ்சும் வாழ்வு வேறு.

சின்னாளப்பட்டியிலிருந்து சிகிச்சைக்கு மதுரைக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. அதனால் சில ஆய்வு முடிவுகள் இவ்வூருக்குத் தனி மதிப்புடையவை. சிக்கலற்ற எலும்பு வலிக்கு 8 கிரே கதிர்வீச்சு ஒரே முறை தருவது, பல நாள் தருவதற்கு இணையாக வலியைத் தணிக்கிறது. மறுமுறை தேவைப்படும் வாய்ப்பு மட்டும் அதிகம். எலும்பைக் காக்கும் சோலெட்ரானிக் அமில ஊசியை நான்கு வாரத்துக்கொரு முறைக்குப் பதில் பன்னிரண்டு வாரத்துக்கொரு முறை போட்டாலும் எலும்பு முறிவு முதலியவை கூடுவதில்லை என்று 2017-இல் தெளிவானது. இவற்றைச் சலுகை என்று நினைக்க வேண்டாம். முறையான சிகிச்சையே இதுதான்.

புற்றுநோயை ஊருக்குள்ளேயே கண்டறிவதில் திண்டுக்கல் மாவட்டத்துக்கு முன்னனுபவம் உண்டு. 2000-இல் இங்குள்ள கிராமங்களில் தொடங்கி, செவிலியர்கள் அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பைவாயைப் பரிசோதித்த ஆய்வு, அப்புற்றுநோய் இறப்பை 35 சதவீதம் குறைத்ததாக 2007-இல் லான்செட்டில் வந்தது. அம்பிளிக்கையில் மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவேடும் இருக்கிறது. பொதுவாக இத்தகைய பதிவேடுகள் நோய் கண்ட நாளையும் இறந்த நாளையும் குறிக்கின்றன. நோய் எலும்பில் திரும்பிய நாள் அவற்றில் ஏறுவதில்லை. அந்த நாளையும் ஏற்பி விவரத்தையும் சேர்த்தாலொழிய, நம் பெண்களுக்கு வெளிநாட்டுக் கணக்கையே சொல்லிக்கொண்டிருப்போம். அதற்கு முன்பே ஒன்று செய்யலாம். வீடு தேடி வரும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர், முதுகுவலி என்று சொல்லும் பெண்ணிடம் இரண்டு கேள்வி கேட்கட்டும்: "அக்கா, முன்னாடி மார்புல ஆபரேஷன் ஆச்சா? ராத்திரி வலி தூக்கத்துலருந்து எழுப்புதா?" இரண்டுக்கும் ஆம் என்றால், அந்த வாரமே அவர் ஸ்கேனுக்குப் போக வேண்டும்.