ஜெக் வைக்க ஒரு சமதரை

போன டிசம்பர்ல அண்ணன் ஹட்டன் டவுன்ல இருந்து ஒரு ஜெக் வாங்கிட்டு வந்தார். பைக்கின் முன் சில்லுக்கு பேரிங் மாத்தணும். கராஜுக்குக் குடுக்கிற காசுக்கு நாமளே செஞ்சுரலாம்னு யோசனை. அவர் பார்த்த வீடியோ எல்லாத்துலயும் வீட்டோடு சேர்ந்த ஒரு கராஜ் இருந்தது. அகலமான சீமெந்துத் தரை, சுவர் நிறைய ஸ்பேனர்கள். எங்களுக்கு இருந்தது இஸ்தோப்பு. அதிலும் பாதி அடுப்படி.

மழைத்தண்ணி ஓடட்டும் என்று இஸ்தோப்புத் தரை கான் பக்கமாகச் சரிந்திருக்கும். ஜெக்கை உயர்த்த உயர்த்த அது மெதுவா நகர்ந்து, பைக் அப்படியே விறகுக் கட்டு மேல சாய்ந்தது. அண்ணன் காலை இழுத்துக்கிட்டதால தப்பினார். ஆறடிக்கு ஒரு சமதரை ஏன் எங்ககிட்ட இல்லை? அன்று ராத்திரி அதுதான் மண்டைக்குள்ள ஓடியது.

கோப்பிக் காலத்துல ஆட்கள் அறுவடைக்கு வந்து ஊர் திரும்பினார்கள். லயம் அவர்கள் வந்து படுத்துப் போவதற்கான இடம். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பிக்கு இலைநோய் வந்தது. பிறகு எங்கும் தேயிலைதான், வருஷம் முழுக்கக் கொழுந்துதான். ஆட்கள் நிரந்தரமானார்கள், காம்பரா 10க்கு 12 அடியிலேயே நின்றது. அதில் இருப்பவர் என்றாவது ஒரு வாகனம் வாங்குவார் என்பது கட்டியவர்களின் கணக்கிலேயே இல்லை. வாகனம் என்றால் பங்களாவுக்கு. சின்னத்துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் வளைவில் கேட்டாலே மலையில் கை வேகமாகும் என்று தாத்தா சொல்வார்.

1948இன் 18ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, யார் போவது யார் இருப்பது என்று ஆட்களைப் பங்கு போட்டது. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசிடம் போயின, 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் லயமும் சேர்ந்தே கைமாறியது, குடியிருப்பவர் பெயருக்கு மட்டும் வரவில்லை. எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003இல் வந்த பிறகும் அப்படித்தான். எங்க தோட்டத்துல இஸ்தோப்பை மட்டப்படுத்த ஒரு மூட்டை சீமெந்து போடணும்னாலும் ஆபீஸ்ல கேக்கணும்.

7 பேர்ச்சஸ் காணி என்று நம்ம ஆட்கள் கேட்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. இந்திய வீட்டுத் திட்டத்தில் வீடு 550 சதுர அடி, மிச்சம் முற்றம். 2017 மே மாதம் நோர்வூட்டில் மோடி மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். எங்க லயத்துக்கு அது இன்னும் வந்து சேரல.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு, பழைய பைக்கைத்தான் எல்லாரும் தட்டிக்கொட்டி ஓட்டினோம். அதனால லயத்துல ஜெக் வாங்க நினைக்கிறவங்களுக்கு, அடிபட்டுத் தெரிஞ்சுகிட்டதைச் சொல்றேன். பின் சில்லைத் தூக்க ஜெக் வேண்டியதில்லை, டபுள் ஸ்டாண்டே போதும். முன்பக்கத்துக்குத்தான் ஜெக். போத்தல் மாதிரி நிற்கும் ஹைட்ரோலிக் வேணாம், அடி சின்னது, சரிவில் கவிழும். கத்தரி மாதிரி விரியும், அடி அகலமான ஜெக் எடுங்க. கீழே தடிப்பான பலகை வைத்து, சரிவுப் பக்கம் முட்டுக் கொடுத்து மட்டமாக்குங்க. பாதி தண்ணி உள்ள போத்தலைப் படுக்கவைத்தால் மட்டம் தெரியும். பைக்கின் மூக்கு ஏற்றப் பக்கம் பார்க்கணும், இறக்கம் பார்த்தால் ஸ்டாண்ட் மடங்கிரும். சைலன்சர் பைப்பிலும் ஒயில் கழற்றும் போல்ட்டிலும் ஜெக்கை முட்டவைக்காதீங்க. சட்டத்தின் குழாய்க்கு அடியில் மரக்கட்டை வைத்துத் தூக்குங்க. சில்லு தரையை விட்டு ஓரங்குலம் எழும்பினா போதும்.

அடுத்த ஞாயிறு அண்ணன் பைக்கைப் பிரட்டுக்களத்துக்குத் தள்ளிட்டுப் போனார். தாத்தாவும் அம்மாவும் விடியக்காலையில் வரிசையில் நின்று பெயர் கொடுத்த இடம். எங்க டிவிஷன்ல வேற சமதரை கிடையாது. பேரிங் பாதி இறங்கும்போது வோச்சர் மாமா வந்துட்டார்.

"ஆபீஸ்ல கண்டா என்னையத்தான் கேப்பாங்க, சீக்கிரம் முடிங்கப்பா"ன்னு சொல்லிட்டு, அவரே வந்து ஹேண்டிலைப் பிடிச்சுக்கிட்டார்.