தறியும் மனையும்

நெசவுத் தொழிலை மேற்கொண்டோர்க்கு இல்லமும் தொழிற்சாலையும் ஒன்றே. உழவன் வயலுக்குச் செல்வான். வணிகன் கடைக்குச் செல்வான். நெசவாளனோ பொழுது புலருமுன் எழுந்து தன் வீட்டுத் தறிக்குழியிலேயே இறங்குகின்றான். ஆதலின் அவனுக்கு மனை இல்லையெனின் தொழிலும் இல்லை. நம் முன்னோர்க்கு அம்மனை எவ்வாறு கிடைத்தது, எதனால் நிலைத்தது, எதனால் கைவிட்டுப் போயிற்று என்பவற்றை ஆராய்ந்துணர்தல், வாடகை வீடுகளில் தறியிட்டு உழலும் நம் குடும்பங்கள் பலவற்றிற்குப் பயன்படும் என்று கருதி இதனை எழுதலானோம்.

முதற்கண், நெசவாளன் மனை ஏனையோர் மனை போன்றதன்று என்பதை உணர்தல் வேண்டும். குழித்தறிக்கு மண்தரை வேண்டும். மிதிகளை இயக்கக் குழி அகழ வேண்டும். மண்ணின் ஈரம் இழை அறாமல் காக்கும். தார் சுற்றும் பெண்டிர்க்கும் முதியோர்க்கும் தறியின் அருகே இடம் வேண்டும். இவை வீட்டினுள் வேண்டுவன. வீட்டிற்கு வெளியே, பாவினை நீள விரித்துக் கஞ்சியிட்டு ஆற்றுதற்கு நேரிய நெடுந்தெரு வேண்டும். வெயில் கடுமையாகாதிருக்க மரநிழலும் வேண்டும். எனவே நெசவாளனுக்கு வீடு கொடுத்தல் என்பது நான்கு சுவரும் ஒரு கூரையும் கொடுத்தலோடு முடிவதன்று. தெருவையும் சேர்த்துக் கொடுத்தலேயாம்.

இவ்வுண்மையைப் பண்டைத் தமிழ்நாட்டார் நன்கு அறிந்திருந்தனர். கோயிலைச் சூழ்ந்த திருமடைவிளாகத் தெருக்களில் கைக்கோளரையும் பிற தொழிலாளரையும் குடியேற்றி, அவர்தம் தறிகளுக்குரிய தறியிறையிற் சலுகை காட்டிய செய்திகளைக் கல்வெட்டுக்களிற் காண்கின்றோம். தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுக்கள், ஊர்களில் வரி நீக்கப்பெற்ற நிலங்களை எண்ணுமிடத்து ஊர்நத்தம், குளம் முதலியவற்றோடு கம்மாணசேரியையும் எண்ணுகின்றன. தொழிலாளர் வாழும் நிலத்தின்மேல் இறை சுமத்தலாகாது என்னும் நெறி ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே இந்நாட்டில் வழங்கிற்று என்பது இதனால் விளங்கும்.

எனினும் அக்காலமே பொற்காலம் என்று மயங்குதல் வேண்டா. கொங்குநாட்டுக் கம்மாளர் நன்மை தின்மைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதவும், காலிற் செருப்பணியவும், தம் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளவும் உரிமை வழங்கிய அரசாணை ஒன்று கருவூர்க் கோயிலிற் பொறிக்கப்பட்டுள்ளது. தன் கையால் எழுப்பிய சுவருக்குச் சாந்து பூசுதற்கும் அரசன் ஆணை வேண்டியிருந்தது! பிறர்க்கெல்லாம் மாளிகையும் கோபுரமும் எடுத்த கைகள் தம் வீட்டுச் சுவரை வெறுமண்ணாகவே விட்டுவைத்திருந்த நிலையை எண்ணுங்கால் நம் நெஞ்சம் நோகின்றது. மனை கிடைத்தல் வேறு, மனையின்மேல் உரிமை கிடைத்தல் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இனி, கம்பெனியார் காலத்துக்கு வருவோம். சென்னையிலிருந்து அவர்கள் ஏற்றுமதி செய்த சரக்குகளுள் பருத்தித் துணி தலையாயது. துணி வேண்டுமாயின் நெய்வோர் அருகில் இருத்தல் வேண்டும். ஆதலின் 1734-ஆம் ஆண்டில் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் என்பார், கூவம் ஆறு வளைந்து செல்லுமிடத்தில், சுங்குராமச் செட்டியாரின் தோட்டமாயிருந்த நிலத்திலே நெசவாளர்க்கென ஓர் ஊரை அமைத்தார். நூற்போர், நெய்வோர், துணிக்குச் சாயமிடுவோர், சித்திரம் எழுதுவோர், வெளுப்போர், கோயிற் பணி புரிவோர் ஆகியோரே அங்குக் குடியிருத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. ஆதிகேசவப் பெருமாளுக்கும் ஆதிபுரீசுவரருக்கும் அங்கே கோயில்கள் எழுந்தன. அவ்வூரே சின்னத் தறிப்பேட்டை. இன்று சிந்தாதிரிப்பேட்டை என வழங்குவது.

தொழில் தெரிந்தோர் வகுத்த ஊர் அது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் உட்கருத்து யாது? நெசவாளர் நலமன்று, கம்பெனியாரின் சரக்கே. இடைநின்ற வணிகர் கொடுத்த முன்பணத்திற் கட்டுண்டு நெய்தலே பெரும்பாலார் வாழ்க்கையாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலைத்துணி வந்து நிறைய, கம்பெனியாரின் துணி வாணிகம் ஒழிந்தது. வாணிகம் ஒழியவே, அவ்வூரைத் தறிக்கென்று காத்தற்கு எவருக்கும் கருத்தில்லாமற் போயிற்று. இன்று அங்கே வணிகர் கடைகள் நெருங்கியுள்ளன. தறி ஊரின் பெயரில் மட்டும் நிற்கின்றது.

இதனோடு சேலம் வட்டாரத்துப் பாவடிகளை ஒப்பிட்டுப் பார்க்க. பாவு ஆற்றுதற்கென நம்மவர் பொதுவில் வைத்திருந்த நிலமே பாவடி. அது பிறர் தந்த கொடையாக நில்லாமல் சமூகத்தின் பொதுவுடைமையாக நின்றமையால், பாவு விரித்தல் குறைந்துவிட்ட இடங்களிலும் நம் மக்களுக்கே பயன்படலாயிற்று. பாவடி என்னும் பெயர் தாங்கிய பள்ளிகள் சேலத்தில் இன்றும் உண்டு. உரியவர் கையில் உள்ள நிலம் தொழில் மாறினும் குடியைக் கைவிடாது.

வீட்டையும் தறியையும் பிரித்துப் பார்த்த முயற்சியும் உண்டு. 1906-இல் ஆல்பிரட் சாட்டர்டன் துரை சேலத்தில் அரசாங்க நெசவுச்சாலை ஒன்றை நிறுவினார். திருந்திய தறிகள் இருந்தும், நெசவாளர் நாள்தோறும் ஒழுங்காக அங்கு வந்திலர். இதனைச் சோம்பல் என்பது பொருந்தாது. வீட்டில் நெய்பவனுக்கு மனைவியும் மக்களும் பெற்றோரும் துணைக்கைகள். சாலையில் அவன் தனியன். 1910-இல் அச்சாலை மூடப்பட்டது.

நாடு விடுதலை பெற்றபின், 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆலைத்துணியின்மேல் தனித்தீர்வை விதித்து, அப்பணத்தைக் கைத்தறி வளர்ச்சிக்குப் பயன்படுத்தினர். கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலாக நெசவாளர் குடியிருப்புக்கள் எழுந்தன. ஏழாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (1985–90) தறிக்கூடத்தோடு கூடிய வீடு கட்டித்தரும் திட்டத்தை இந்திய அரசு மேற்கொண்டது. வீடும் தறியும் ஒன்றே என்பதை அரசாங்கம் ஒப்புக்கொண்டமை போற்றத்தக்கது.

ஆயினும் இனி வேண்டுவன மூன்று உள. முதலாவது, நெசவாளர்க்கென எழும் வீடுகள் நிலத்தளத்தில் அமைதல் வேண்டும். மாடிமேல் மாடியாக அடுக்கிய வீட்டில் தறிக்குழி எங்ஙனம் அகழ்வது? இரண்டாவது, குறுகிய சந்துகளாக அமையாமல் பாவு ஓடும் தெருவோடு கூடிய மனைகளாக அமைதல் வேண்டும். மூன்றாவது, பட்டா அக்குடும்பத்தின் பெயரில், கணவன் மனைவி இருவர் பெயரும் கூடி, இருத்தல் வேண்டும். வாடகை வீட்டில் உடையவன் வெளியேறு என்ற அன்றே தறியைப் பிரித்தாக வேண்டும். பிரித்த தறியை மீண்டும் பூட்டும் வரையில் கூலியில்லை. முன்பணம் கொடுத்தவனோ பொறுத்திரான்.

ஆகவே நம் சங்கத்தார் ஊர்தோறும் எஞ்சியுள்ள பாவடிகளையும் பொது மனைகளையும் கணக்கெடுத்து, பத்திரங்களைச் சரிபார்த்து, பிறர் கைப்படாமற் காத்தல் முதற்கடமையாகும். அடுத்து, நெய்யும் குடும்பங்கள் சிறுசிறு தொகை சேர்த்துக் கூட்டுறவு முறையில் மனைவாங்க முயலுதல் வேண்டும். சின்னத் தறிப்பேட்டையைப் பிறர் அமைத்தனர், பிறரே மறந்தனர். நம் தறிப்பேட்டைகளை நாமே அமைப்போமாக. செந்திற் பெருமான் திருவருள் துணைநிற்க.