பார்ட் டைம் ஜிம் மாஸ்டரா? ரூல்ஸ் தெரிஞ்சுக்குங்க!

சென்னை ஜிம்களில் காலை, மாலை என 2 ஷிப்டு பார்க்கும் பகுதி நேர மாஸ்டர்கள் ஏராளம். 'பார்ட் டைம் தானே, உனக்கு என்ன ரூல்ஸ்?' என்று கேட்கும் முதலாளிகளும் உண்டு. சட்டம் அப்படி சொல்லவில்லை.

சம்பளம்: 2025 நவம்பர் 21-ந்தேதி அமலுக்கு வந்த ஊதிய சட்ட தொகுப்பின்படி, மாத சம்பளம் அடுத்த மாதம் 7-ந்தேதிக்குள் கைக்கு வரணும். வேலையை விட்டு நின்றால் 2 வேலை நாளில் பாக்கி செட்டில் ஆகணும்.

இ.எஸ்.ஐ.: 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஜிம்மில், சம்பள வரம்புக்குள் வரும் பகுதி நேர ஊழியரையும் சேர்க்க வேண்டும்.

ஷிப்டு: வந்த நேரம், போன நேரம் எழுதி கையெழுத்து போடணும். பழுதான மெஷின், அடிபட்டவர் விவரத்தை அடுத்த மாஸ்டரிடம் சொல்லிவிட்டு கிளம்பணும்.

வருகை பதிவேட்டை மாதாமாதம் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். சம்பள தகராறு வந்தால், தொழிலாளர் துறை அலுவலகத்தில் காட்ட அதுதான் கையில் இருக்கும் ஆதாரம்.